தலைக்கு இரண்டு கிலோ

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் மேல் உள்ள கோபத்தைப் பிறகு ஆற அமரக் கொட்டுகிறேன். அது எங்கேயும் ஓடிப்போகாது. மூன்று வருடங்களாக, என்னிடம் வந்த ஒவ்வொரு மனிதரின் எடையிலும் யாரையும் கேட்காமல் இரண்டு கிலோ கூட்டி எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கும் இரண்டு, கிழவருக்கும் இரண்டு, தேனிலவுக்கு வந்த புதுப்பெண்ணுக்கும் இரண்டு. இப்படி எழுதியவன் தொண்ணூற்று நான்கு கிலோ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எங்கள் அலுவலகம் தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. எங்கோ இந்தியப் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு வாடகை விமானம் ஓட்டுகிற ஒரு சின்ன கம்பெனி, தன் எடைக் கணக்கு வேலையை ஒப்பந்தத்தில் எங்களிடம் விட்டிருந்தது. அவர்களிடம் மூன்று விமானங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர் உட்காரலாம். தீவு என்றால் ஏதோ நாடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தலையில் கடல், அந்தத் தலையில் கடல், நடுவில் ஒரு ஓடுதளம், ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டல். எங்கள் ஊர்க் கடைத்தெரு அந்த ஓடுதளத்தைவிட நீளம். எடை கூடிப்போனால் விமானம் தரையைவிட்டு எழும்புவதற்குள் தளம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் இருப்பது மீன்கள்தான்.

அதனால் அங்கே ஏறுகிற ஒவ்வொருவரையும் மூட்டையை நிறுப்பது போல நிறுப்பார்கள். ஆளுக்கு ஓர் எடை, பைக்கு ஓர் எடை. தீவிலிருக்கும் ஏஜெண்ட் அதைப் போனில் சொல்லுவார். நான் தஞ்சாவூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டுவேன். அன்றைய காற்று, மழை, தளத்தின் ஈரம் எல்லாவற்றையும் பார்த்து இத்தனை கிலோதான் ஏறலாம் என்று அது ஒரு வரம்பைக் காட்டும். அதற்குள் அடங்கினால் திரை பச்சையாகும், பைலட்டுக்குத் தாள் போகும். அடங்காவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் யாராவது அல்லது ஏதாவது இறங்கியாக வேண்டும்.

நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. வேலைக்கு எடுத்தபோது அதை யாரும் கேட்கவில்லை. எக்செல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அதுவே பாதிப் பொய்.

சேர்ந்த முதல் மாதம் அந்த ஏஜெண்ட் பெருமையாக ஒரு வீடியோ அனுப்பினார். அவருடைய தீவில் விமானம் இறங்குகிற காட்சி. சக்கரம் தரையைத் தொட்டது, ஓடியது, ஓடியது, நின்றது. நின்ற இடத்துக்கு அந்தப் பக்கம் நாலு தென்னை, அப்புறம் கடல். நான் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் காலை ஏஜெண்ட் "எழுபத்தொன்று" என்று சொன்னபோது என் விரல் எழுபத்துமூன்று என்று தட்டியது. ஒரு காப்புக்கு இருக்கட்டும் என்று மனசு சொன்னது. அன்றிலிருந்து எல்லோருக்கும் காப்பு.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. குறைத்து எழுதினால் என்றைக்காவது விசாரணை வரும். கூட்டி எழுதினால் விமானம் லேசாகப் பறக்கும். ஏனடா லேசாகப் பறந்தது என்று எந்த அதிகாரி ஓலை அனுப்பப்போகிறார்? எப்போதாவது திரை சிவப்பாகும், யாருடைய பெட்டியாவது மறுநாள் விமானத்தில் பின்னால் வரும். சில மாதங்களில் அந்த இரண்டு கிலோ எனக்கே மறந்துவிட்டது. அது விரலின் பழக்கமாகிவிட்டது. பல் விளக்கும்போது எத்தனை முறை தேய்க்கிறோம் என்று யாருக்காவது தெரிகிறதா, அப்படி.

பெட்டி பின்னால் வருவது ஓட்டல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளியோடு அவர் பெட்டியும் போயாக வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. சரி, பெட்டி இறங்காவிட்டால் எது இறங்கும்? அதை மட்டும் யாரும் தாளில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பட்டியலில் எப்போதும் கடைசி வரியில் ஓட்டலில் வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். சமைப்பவர், பெருக்குபவர், தோட்டக்காரர். இடமிருந்தால் ஏறிக்கொள்ளலாம் என்ற சலுகையில் வருபவர்கள். சிவப்பு வந்தால் பட்டியலைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் சொல்லாமலே புரிந்தது. இப்படிச் சொல்லாமல் புரிகிற விஷயங்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஷிப்ட் காலை ஐந்து மணிக்கு; தூக்கம்தான் தோன்றியது.

போன தை மாதம் ஒரு காலை. தீவில் முந்தின நாள் முழுக்க மழை, தளம் ஈரம். அந்த ஈரத்துக்கு எழுநூறு கிலோதான் ஏறலாம் என்று வரம்பு காட்டியது. ஏஜெண்ட் எடைகளைச் சொன்னார். எட்டு விருந்தாளிகள், அவர்களுடைய பெட்டிகள். கடலுக்கடியில் படம் பிடிக்கிற கேமரா என்று ஒரு பெட்டி மட்டும் பதினாலு கிலோ. ஒன்பதாவது, கடைசி வரியில், ஓட்டல் ஊழியர்களுக்குச் சமைக்கிற ஆள். அவர் அறுபத்துமூன்று, அவர் பை ஏழு. நான் தட்டினேன். எழுநூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு.

"ஒன்பதாவது ஆள் நாளைக்கு" என்றேன் ஆங்கிலத்தில். ஏஜெண்ட், "இவர் உங்கள் ஊர்க்காரர். நீங்களே உங்கள் பாஷையில் சொல்லிவிடுங்கள்" என்று போனை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். கெட்ட செய்தியைக் கைமாற்றிவிடுவதில் மனித குலத்துக்குத்தான் எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

"சார், தமிழாங்க?"

"ஆமாங்க. தஞ்சாவூர்."

"யா அல்லா. நான் வேதாரண்யம் பக்கம் சார். வாப்பா ராத்திரி மவுத்தாயிட்டாங்க. ஜமாஅத்துல பேசி, இன்னிக்கு இஷா தொழுகை வரைக்கும் அடக்கத்த நிறுத்தி வெச்சிருக்காங்க. நான் ஒரே மவன் சார். இதுல ஏறிட்டன்னா கொழும்பு போயி, மத்தியானம் திருச்சி. கார் சொல்லி வெச்சாச்சு. மொகத்த ஒரு தடவ பாத்துரணும் சார், அவ்ளோதான்."

இஸ்லாமியர் வீட்டில் அடக்கத்தை இழுத்தடிக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான் என்பதற்காக ஒரு பகல் முழுக்கக் காத்திருக்கிறார்கள் என்றால் அதுவே பெரிது. இஷா என்றால் இரவு எட்டு மணிவாக்கு. அதற்கு மேல் காக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தீவிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே விமானம். மழையில் கடல் கொந்தளித்து, படகும் இரண்டு நாளாக ஓடவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு போனில் சென்னையிலிருந்த மேனேஜரைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் எடுத்தார்.

"சார், ஒரு கேமராப் பெட்டிய எறக்குனா அந்தாளு ஏறிரலாம் சார். பதினாலு கிலோ. நாளைக்குக் காலையில அனுப்பிரலாம்."

"அது கெஸ்ட் லக்கேஜ்."

"அவங்க அப்பா செத்துட்டாரு சார்."

"வருத்தமாத்தான் இருக்கு. சிஸ்டம் என்ன சொல்லுது?"

"செவப்பு."

"அப்புறம் என்ன?"

இந்த "அப்புறம் என்ன?"வை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. சிஸ்டம் என்றால் என்ன? அது வானத்திலிருந்து விழுந்ததா? நான் தட்டியதைக் கூட்டிச் சொல்கிற ஒரு பெட்டி. அதற்குப் பெட்டி எது, பிள்ளை எது என்று தெரியாது. தெரிந்த இரண்டு பேர் நாங்கள். ஒருவர் போர்வைக்குள், ஒருவன் சுழல் நாற்காலியில். அந்தக் கேமராவின் சொந்தக்காரரைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அவர் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார் என்று ஏஜெண்ட் பிறகு சொன்னார். கேட்டிருந்தால் சரி என்றிருப்பார், இல்லையென்றால் முடியாது என்றிருப்பார். ஆனால் விருந்தாளியிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாதாம், அவர் மனசு நோகுமாம். விடுமுறைக்கு வந்தவர் மனசு.

அந்த ஆளிடம் திரும்பிப் போனேன்.

"வெயிட் கூடுதுங்க. பன்னண்டு கிலோ."

"பைய இங்கயே போட்டுட்டு வரேன் சார்."

தட்டினேன். எழுநூற்று ஐந்து. "இன்னும் அஞ்சு கிலோ கூடுதுங்க."

"செருப்பக் கழட்டிட்டன் சார். சட்டையும் வேணாம் சார், பனியனோட வரேன்."

"அதெல்லாம் கணக்குல பெருசா வராதுங்க."

"அஞ்சு கிலோவுக்கா சார்?"

"ரூல்ஸ்ங்க. ரன்வே சின்னது. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா..."

"அஞ்சு கிலோவுக்காண்ணே?"

சார் போய் அண்ணே வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க, சிஸ்டம் எடுக்கல" என்றேன். மேனேஜரைத் திட்டிக் கொண்டிருக்கிற இதே வாயால். போனில் விமானத்தின் இரைச்சல் கேட்டது. அவர் ஏதோ சொன்னது அதில் மூழ்கிப்போனது.

அன்று காலை நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். துக்கத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், ஏழாவது தீர்ந்துபோயிருந்தது.

அவர் மறுநாள் விமானத்தில்தான் போனார். அடக்கம் முதல்நாள் இரவே முடிந்துவிட்டது.

நானும் அதை ஒருவழியாக மேனேஜரின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். "பாருங்க சார், ஒரு கேமராப் பெட்டிக்காக" என்று தொடங்கி, கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டும்வரை விடமாட்டேன். என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். நல்லவன் வேஷம் எனக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. உடம்பு பெரிசு, துணி நிறையப் பிடிக்கும்.

பத்து நாள் கழித்து எங்கள் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு ஊரில் மூன்று ஏக்கர் நிலம். அறுத்துக் கொட்டி ஆறு நாளாக நெல் பனியில் கிடந்தது. முறை அன்றைக்குத்தான் வந்தது. ஒரு மூட்டை நாற்பது கிலோ என்று கணக்கு. தராசைப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் நின்றது. அடுத்த மூட்டையும் நாற்பத்திரண்டு.

எனக்கு வந்ததே ஆத்திரம். வருடா வருடம் வருகிற ஆத்திரம்தான், ஆனால் இந்த வருடம் எனக்குப் பயிற்சி அதிகம். எடை போடுகிறவரின் முன்னால் போய் நின்றேன்.

"மூட்டைக்கு நாப்பதுதான? ரெண்டு கிலோ எதுக்கு?"

"வழக்கந்தாண்ணே."

"எவன் வெச்ச வழக்கம்? நாங்க சேத்துல எறங்கி வெளைய வெக்கிறது, நீ ஒக்காந்த எடத்துல ரெண்டு கிலோ எடுத்துக்குவியா?"

சேற்றில் இறங்கியது என் தம்பி. நான் கடைசியாக வயலில் இறங்கியது ஒரு போட்டோவுக்காக. தம்பி பக்கத்திலேயே நின்றான், பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

"நானா திங்கப்போறேன்?" என்றார் அவர், கோணி தைப்பதிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடோன் போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சு எடை கொறையும். கொறஞ்சா என் கழுத்தத்தான் புடிப்பாங்க. ஒரு காப்புக்கு இருக்கட்டும்னு போடுறது."

"இதுவரைக்கும் யாராச்சும் ஒன் கழுத்தப் புடிச்சிருக்காங்களா?"

"இல்ல. ஆனா புடிச்சா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றேன். பிடித்தால், ஒரு காப்புக்கு, இரண்டு கிலோ. என் மண்டைக்குள் ஓர் ஏஜெண்ட் "எழுபத்தொன்று" என்றார், ஒரு விரல் எழுபத்துமூன்று தட்டியது.

"என்னண்ணே, நெஞ்சு வலியா?" என்று எடை போடுகிறவர் எழுந்துவிட்டார். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டான். நான் அவர்களை விலக்கிவிட்டு, கையிலிருந்த டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டினேன். ஒன்பது பேர். தலைக்கு இரண்டு. பதினெட்டு. எழுநூற்றுப் பன்னிரண்டில் பதினெட்டு போனால் அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. வரம்பு எழுநூறு. அந்த ஆள் பையோடு, செருப்போடு, சட்டையோடு ஏறியிருக்கலாம். ஏறி உட்கார்ந்த பிறகும் ஆறு கிலோ மிச்சம்.

அங்கே வரப்போரத்தில் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் திட்டினேன். அந்த மேனேஜரை, அந்த ஓட்டலை, கேமராக்காரரை, நாற்பதை நாற்பத்திரண்டாக்கி அதை வழக்கம் என்கிற எடைக்காரரை, அவருக்கு மேலே கழுத்தைப் பிடிக்கக் காத்திருப்பதாகச் சொல்லப்படுகிற, யாரும் பார்த்திராத அந்தக் கைகளை. அவரவர் பயத்துக்கான காப்பை அடுத்தவன் மூட்டையிலிருந்து எடுக்கிற ஓர் ஊர் இது. அதில் நான் வெளியே நின்று கத்துகிறவன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தராசுக்குப் பின்னால் என் நாற்காலிதான் எல்லோருடையதையும்விடப் பெரிசு. எடைக்காரராவது நெல்லில் எடுத்தார்.

மறுநாள் மேனேஜரிடம் போனில் ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூடக் கொஞ்சம் ஆசைப்பட்டேன், அதில் ஒரு தண்டனை கிடைத்த திருப்தி இருக்குமே.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. இனிமே ரெண்டு போட வேணாம்."

"சரி சார்."

"ஒன்னு போடுங்க."

ஒன்று போட்டாலும் அன்றைக்கு எழுநூற்று மூன்று. அப்போதும் சிவப்பு. அதையும் சொன்னேன். "சேஃப்டி முக்கியம்" என்று வைத்துவிட்டார். பாதுகாப்பு என்ற சொல்லை இவ்வளவு அயோக்கியத்தனமாகப் பயன்படுத்த முடியும் என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும், பயன்படுத்தியவனே நான்தானே. அன்றிலிருந்து ஏஜெண்ட் சொன்னதைச் சொன்னபடி தட்டுகிறேன். நிஜமான காப்பு அந்த எழுநூறு என்ற வரம்புக்குள்ளேயே இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்கள் கணக்குப் பார்த்து வைத்தது. அதன் மேல் என் பயத்தையும் ஏற்றத் தேவையில்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒருவரின் தகப்பனார் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதாரண்யம் பஸ் ஏறினேன். பயணிகளின் நம்பரை எடுத்துச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை மட்டும் மீறினேன். மீற வேண்டிய அன்று மீறாதவன். "நான் தஞ்சாவூர்லேருந்து பேசுனவன். ஒங்கள ஒரு தரம் பாக்கணும்" என்றபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை, வழி சொன்னார். திருத்துறைப்பூண்டியில் மாறி, உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் கூச, வழி முழுக்க வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மேனேஜர் பங்கு இவ்வளவு, ஓட்டல் பங்கு இவ்வளவு, என் பங்கு இவ்வளவு என்று பிரித்து வைத்திருந்தேன். என் பங்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே வந்தது. உடம்பில் வேறெதுவும் அப்படி இளைத்ததில்லை.

வாசலிலேயே நின்றிருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. அறுபத்துமூன்றுகூட இருக்காது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். பனைவெல்லக் காப்பி வந்தது. உள்ளே யாரோ குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இருபது நாள் லீவு இருக்கிறது என்றார். நான் காப்பியைத் தொடாமல் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நீங்க ஏறியிருக்கலாங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"நான் எல்லார் வெயிட்டுலயும் ரெண்டு ரெண்டு கிலோ கூட்டிப் போட்டிருந்தேன். யாரும் சொல்லல. நானா, ஒரு பயத்துல. அது இல்லன்னா ஒங்களுக்கு எடம் இருந்துச்சு."

"பையோடயா?"

"பையோட."

உள்ளே ஓதுகிற குரல் ஒரு முறை நின்று மறுபடி தொடங்கியது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது. மேனேஜரைச் சொன்னேன், கேமராப் பெட்டியைச் சொன்னேன், ஓட்டல் உத்தரவைச் சொன்னேன். ஓடுதளம் எவ்வளவு குட்டை என்று கையை விரித்துக் காட்டினேன், அவர் அதே தளத்தில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியவர் என்பதை மறந்து. ரெண்டு வாரமாகத் தூக்கமே இல்லை என்றேன். அது பொய், நான்கு நாள்தான். என்னைத் திட்டினால்கூட மனசு ஆறும் என்றேன்.

அவர் எழுந்து, என் முன்னால் ஆறிப்போயிருந்த காப்பிக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சொல்லிட்டீங்கல்ல, கெளம்புங்க."